இடையிடையே கலை நிகழ்ச்சிகள்

அழைப்பிதழில் முப்பத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை என்று ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள். வாழ்த்துரைக்கு மட்டும் பதினாறு பேர். விருது பெறுவோர் வரிசையில் என் பெயர் கொட்டை எழுத்தில், தலையில் முடி இருந்த காலத்துப் புகைப்படத்தோடு. எல்லாம் முடிந்து, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே ஒரு வரி: 'இடையிடையே கலை நிகழ்ச்சிகள் நடைபெறும்.'

அந்த 'இடையிடையே'தான் என் மகள்.

எட்டாவது படிக்கிறாள். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் ஐந்து வருடமாகப் பரதம் கற்கிறாள். அதுவரை ஆடியதெல்லாம் கும்பலோடு; மூன்றாம் வரிசை, இடது ஓரம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். நான் எடுத்த வீடியோக்களில் அவளுடைய ஒரு முழங்கை நன்றாகத் தெரியும். போன மார்கழியில்தான் டீச்சர் முதல்முறையாகத் தனியாக ஆட ஒரு தில்லானா கொடுத்திருந்தார். ஏழு நிமிடம். மூன்று மாதம் வீட்டு ஹாலில் டீபாயை ஓரம் தள்ளிவிட்டு அதையே ஆடினாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து, மேலே என்ன இடிக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மேடை கொடுத்தது விழுப்புரத்தில் ஒரு கலை இலக்கிய மன்றம். வருடத்துக்கு ஒருமுறை வசந்த விழா என்று நடத்துவார்கள். செயலாளர் பிளாட் விற்பவர். வாரத்தில் ஆறு நாள் நிலம், ஞாயிற்றுக்கிழமை இலக்கியம். அவர்தான் போன் செய்தார். எனக்கு விருது, பாப்பாவுக்கு மேடை, ரெண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம் என்றார். "பத்து மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்கு வெளியே வந்துடலாம்ணே. அப்பிடியே பேமிலியோட பீச்சுக்குப் போய்க்கினே இருக்கலாம்."

எனக்கு என்ன விருது என்று கேட்கக் கூசியது. அழைப்பிதழ் வந்ததும்தான் தெரிந்தது: நகைச்சுவைக்கு. இருபது வருடமாகச் சின்னப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறேன். ஆபீஸில் கோப்பு தள்ளிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கூட்டம், மாலை, பொன்னாடை, நீண்ட பேச்சு ஆகியவற்றைக் கிண்டல் செய்தே பேர் வாங்கியவன். அந்தக் கிண்டலைப் பாராட்டித்தான் கூட்டம் கூட்டி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்துவதாக இருந்தார்கள். இதில் உள்ள கேவலம் எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் புது வேட்டி வாங்கினேன்.

மண்டபம் கல்யாண மண்டபம். சாயங்காலம் அங்கே ஒரு ரிசப்ஷன், மூன்று மணிக்குக் காலி செய்துவிட வேண்டும் என்று மேனேஜர் வாசலிலேயே சொன்னார். மூன்று மணிவரை நாம் ஏன் இருக்கப்போகிறோம் என்று நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

டீச்சருக்கு அன்றைக்கு வேறு ஊரில் நிகழ்ச்சி. பென்டிரைவை எங்களிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒப்பனைக்கு மணமகள் அறையை ஒதுக்கினார்கள். முந்தின முகூர்த்தத்தின் பூ வாடி, அழுகி, மூலையில் குவிந்து கிடந்தது. வாஷ்பேசினில் யாருடைய தலைமுடியோ சுருண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. கட்டிலின் கீழே பாதி குடித்த இளநீர் ஒன்று புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் மகளுக்குக் கண் எழுதினாள். காலை ஒன்பதரைக்கு அவள் தயார். பட்டு உடை, சலங்கை, நெற்றிச்சுட்டி, தலையில் ஒரு கிலோ சாமான்.

பதினொன்றேகாலுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து.

பிறகு ஒரு குறும்படம் திரையிட்டார்கள். ஏரிகளைக் காப்பது பற்றி, மன்றப் பொருளாளரின் மருமகன் எடுத்தது. மண்டபத்துக்குப் பதினான்கு கதவு, ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பங்குனி வெயில் நாலு பக்கமும் உள்ளே வந்து திரையில் படுத்துக்கொண்டது. படம் முழுக்க மோர் கொட்டிய மாதிரி வெள்ளையாக ஓடியது. யாரோ ஓர் ஆள் ஏரிக்காக அழும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. முடிந்ததும் கைதட்டினோம். அப்போதுதான் சிறப்பு விருந்தினர் கார் வந்தது. அவர் பார்க்கவில்லையே என்று மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். அந்த ஆள் மறுபடி அழுதான்.

வாழ்த்துரை பதினாறும் அதற்குப் பிறகு. ஒவ்வொருவரும் நேரம் கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். நடுவே பாக்குமட்டைத் தட்டில் எலுமிச்சைச் சாதம் மேடைக்கே வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த விருதாளர், ஒரு கவிஞர், சாப்பிட்ட கையைச் சற்று முன் தன்மேல் போர்த்திய பொன்னாடையில் துடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்மேல் போர்த்தியதும் புதிதல்ல. மடிப்புக் கலையாமல் பல தோள்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. பாச்சை உருண்டையும் யாரோ ஒருவரின் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. அதை எடுத்துக் கீழே போட்டிருக்கலாம். நான் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டேன், போட்டோவில் விழுமே என்று.

இரண்டு இருபதுக்கு என்னை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். என் பேச்சு முடிந்ததும் பாப்பாவின் நடனம் என்று செயலாளர் மைக்கிலேயே அறிவித்தார். "அண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு," என்றார். என் சட்டைப் பையில் நாலு பக்கம் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் துண்டுச்சீட்டு என்று ஒன்று உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பேசுகிறவர் முதலில் மேடையில் உள்ளவர்களை ஒவ்வொருவராக 'அவர்களே' போட்டு அழைக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் அடுத்த வருடம்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதனால் விடுபட்டவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கீழேயிருந்து மேலே அனுப்புவார்கள். பேச்சாளர் வாங்கிப் படித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த 'அவர்களே'யையும் சேர்த்துக்கொள்வார். இதை நான் மூன்று கட்டுரைகளில் நையாண்டி செய்திருக்கிறேன்.

என் 'அவர்களே'க்கள் ஆறு நிமிடம் எடுத்தன. முதல் சீட்டு வந்தது, ஒரு பெயர். சேர்த்தேன். இரண்டாவது சீட்டில் இரண்டு பெயர். சேர்த்தேன். பிறகு கையில் இருந்த நாலு பக்கத்துக்குள் இறங்கினேன். ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்தை விட்டு இறங்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. மூன்றாவது சீட்டு வந்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தேன்; கறுப்பாக ஏதோ கிறுக்கியிருந்தது. நான் அதை மைக் முன்னால் தூக்கிக் காட்டி, "இன்னும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, விடுபட்ட எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்," என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல கைதட்டல். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான்.

அந்த மூன்றாவது சீட்டை எழுதியது என் மனைவி. அழைப்பிதழின் பின்பக்கம், கண் எழுதும் பென்சிலால்: 'முடிங்க. மூணு மணிக்கு ஹால் விடணும். புள்ள நிக்கிறா.'

கண்ணாடி மேல் பழி போட்டு இதை முடித்துவிடலாம். ஆனால் மேடையின் பக்கவாட்டில் மகள் நின்றது எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. பட்டும் சலங்கையுமாக, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பேச்சை எவ்வளவு ரசிக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்காக இன்னும் ஒரு ஜோக் சொன்னேன்.

இருபத்தெட்டு நிமிடம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசப்ஷன் டெக்கரேஷன்காரர்கள் எனக்குப் பின்னால் ஏணி போட்டுப் பூ கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். போட்டோக்களில் என் வழுக்கைத் தலையைச் சுற்றி ரோஜாப்பூவில் ஓர் இதயம் இருக்கிறது.

உட்கார்ந்ததும் மேனேஜர் மேடை ஏறி வந்து செயலாளர் காதருகே குனிந்தார். எனக்கும் கேட்டது. "சார், பொண்ணு வூட்டு வேன் கேட்டாண்ட வந்துடுச்சி. பேஜாரு பண்ணாம ஜல்தியா முடிங்க."

அப்போதும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. ஏழு நிமிடம் ஆடியிருக்கலாம். செயலாளர் மைக்கைப் பிடித்து நன்றியுரை சொன்னார். நன்றியுரை இல்லாமல் ஒரு விழா எப்படி முடியும்? சாமியானா கட்டியவர், தண்ணீர் பாட்டில் இறக்கியவர், இருபத்தெட்டு நிமிடம் சிரிக்க வைத்த அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

அவர் முடிக்கும்போது மகள் தானாகவே மேடையின் நடுவுக்கு வந்துவிட்டாள். பென்டிரைவை மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். கால் சேர்த்து, கை குவித்து, தலை நிமிர்ந்து, பாட்டுக்குக் காத்து நின்றாள். செயலாளர் மைக்செட்காரரைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். முடித்துவிடு என்று அர்த்தம்.

ஸ்பீக்கரில் நாட்டுப்பண் வந்தது.

எல்லாரும் எழுந்து நின்றோம். அவளும் கையை இறக்கி விறைப்பாக நின்றாள். மேடையில் தனியாக, முழு ஒப்பனையோடு, ஐம்பத்திரண்டு விநாடி. என் மகளின் முதல் தனி நிகழ்ச்சி அதுதான். ஒரு விரல்கூட அசையவில்லை. மை மட்டும் கொஞ்சம் இறங்கியது.

கூட்டம் கலைந்தபோது செயலாளர் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த சான்றிதழை அவளிடம் நீட்டினார். 'சிறப்பாக நடனமாடியமைக்காக' என்றிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா நின்னதே ஆடுனா மாரி இருந்திச்சிண்ணே."

நான் அவரை அறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு வார்த்தையாவது கேட்டிருக்க வேண்டும். நானும் சிரித்தேன்.

பீச்சுக்குப் போவதாகச் சொல்லியிருந்ததால் போனோம். இப்படிப்பட்ட நாட்களில் திட்டத்தை மாற்றலாமா என்று வாய் திறக்கக்கூட யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. பாண்டிச்சேரி நெரிசலைத் தாண்டி பொம்மையார்பாளையம் சேரும்போது ஐந்தாகிவிட்டது. மணலைக் காணோம், கருங்கல்தான் கொட்டிக் கிடந்தது. கல் இடுக்கெல்லாம் பீர் பாட்டில் சில்லு, மீன் தலை, யாருடைய பிறந்தநாள் கேக்கோ அட்டைப் பெட்டியோடு. விடுதியிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்போதும் பட்டும் ஒப்பனையுமாக இருந்த என் மகளைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கலாமா என்று கேட்டது. அவள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மனைவி கடலைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள். "மத்தவன் இப்பிடிப் பேசிக்கினு இருந்திருந்தா, நீங்க இந்நேரம் ஒரு கட்டுரை எழுதியிருப்பீங்க."

நான் காருக்குப் போனேன். மகள் பின்சீட்டில் நெற்றிச்சுட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீ என்னைப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் பேசிக்கினே இருந்தே?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கும் திறமை போதவில்லை. "நீ என் பேச்சைக் கேட்டுக்கினு நிக்கறேன்னு நெனச்சேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாஷ்பேசினில் இருந்த முடியைக் காலையில் பார்த்த அதே பார்வை. பிறகு பஞ்சில் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவள் விறைத்து நிற்கும் படத்தைப் போட்டு, 'அரங்கை அதிர வைத்த நடனம்' என்று எழுதியிருந்தார்கள். கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அதில் ஒன்று, விரல் பழக்கத்தில், என்னுடையது.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டார். மயிலம் மலையில் கோயில் திருவிழாவில் அவருடைய பிள்ளைகள் ஆட ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, இவளுக்கும் அந்தத் தில்லானாவை வைக்கலாம் என்றார். டீபாயை ஓரம் தள்ளிவிட்டு மறுபடி ஆடுவாள் என்று காத்திருந்தேன். நான் ஆபீஸ் போன பிறகுதான் ஆடினாள் என்பதைக் கீழ்வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

திருவிழா அன்றைக்குக் காலையில் மனைவி வந்து விதியைச் சொன்னாள். நான் காரை ஓட்டலாம். மலை ஏறக் கூடாது.

"அவ சொன்னாளா?"

"அவதான். நீங்க இருந்தா ஆடலையாம்."

விருந்தினர், விருதாளர், மன்றம், எதுவும் அங்கே இல்லை. நான் என்ன தொந்தரவு கொடுத்துவிட முடியும் என்று வாதாட ஒரு நல்ல வாக்கியம் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

அடிவாரத்தில் பஸ்களுக்கு நடுவே காரை நிறுத்தினேன். அவர்கள் படியேறிப் போனார்கள். அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மொட்டை அடித்த தலைகளில் சந்தனம் வழிய ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கடை ஓரம் அன்னதானத் தட்டுகள் ஈ மொய்த்துக் குவிந்திருந்தன. ஒரு மாடு அதில் தலையை விட்டு நிதானமாக ஒவ்வொன்றாக நக்கியது. ஐந்து மணிக்கு மலை மேலேயிருந்து குழாய் ஸ்பீக்கரில் ஜதி கேட்டது. அந்தத் தில்லானா. மூன்று மாதம் சுவர் வழியாகக் கேட்டது, அதனால் எந்த இடத்தில் அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியும். சலங்கைச் சத்தம் அவ்வளவு தூரம் வராது. பாட்டு நடுவில் நிற்குமோ, யாராவது மைக்கைப் பிடுங்கி யாரையாவது வரவேற்பார்களோ என்று மல்லாட்டையை உரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. ஏழு நிமிடமும் ஓடி முடிந்தது. கைதட்டினார்களா என்று தெரியவில்லை, அதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

இருவரும் இறங்கி வந்தபோது மகளின் முகம் வியர்த்து, சிவந்து, நன்றாக இருந்தது. எப்படி ஆடினே என்று நான் கேட்கவில்லை.

"வீடியோ எடுத்தியான்னு அம்மாவக் கேக்காத," என்றாள் அவளே. "எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

"சரி."

"அடுத்த தடவையும் நீ கீழதான்."

"எவ்ளோ நாளைக்கு?"

பின்சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, சலங்கையின் முடிச்சை அவிழ்த்தபடி யோசித்தாள். "பாக்கலாம்."

வண்டியை எடுத்தேன். திண்டிவனம் வரும்வரை அம்மாவும் பெண்ணும் பின்சீட்டில் அந்த ஏழு நிமிடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கேயோ கால் பிசகியதாம், எப்படியோ சமாளித்தாளாம், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாராம். எனக்குப் பாதி புரியவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.