மைக்ரோமீட்டருக்கு வைத்த பொட்டு

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் பெரியம்மாக்களுக்கு என் படிப்பை விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் பாயசம் ஆறிப்போகும். டர்னர் என்றால் என்ன என்று கேட்பார்கள். லேத் மெஷினில் இரும்பைக் கடைகிற வேலை என்பேன். உடனே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள், ஐயோ பாவம் என்கிற மாதிரி. எனக்குச் சுர்ரென்று ஏறும். இந்தக் கைதான் என்னைத் தலை நிமிர்ந்து நடக்க வைத்தது என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவர்கள் அப்பளம் கேட்கத் திரும்பிவிடுவார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பேரையூர் பக்கம். மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் போடுகிற காடு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் டிகிரிக்குப் போனார்கள். நான் ஐ.டி.ஐ.க்குப் போகிறேன் என்றேன். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. டிராக்டரில் உடைந்த துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு திருமங்கலத்துப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே லேத்தில் இரும்பு சுருள் சுருளாகக் கழன்று விழுந்ததைப் பார்த்தபின் எனக்கு வீட்டுக்குத் திரும்பவே மனசில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அத்தை ஊரைக் கூட்டாத குறையாகக் கத்தினாள். அப்பா என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டார்.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவுடன் லேத்தைத் தொடலாம் என்று நினைத்துப் போன எனக்கு அரத்தைக் கொடுத்து இரும்புக் கட்டியை ராவச் சொன்னார்கள். ராவினேன், ராவினேன், உள்ளங்கை கொப்புளித்து உடையும்வரை ராவினேன். இதற்கா வந்தோம் என்று ஆத்திரமாக வரும். பிறகு மைக்ரோமீட்டரைக் கொடுத்தார்கள். தலைமுடியின் தடிமனைக்கூட அளந்து சொல்லிவிடுகிற கருவி அது. அதன் இரண்டு முனைகளுக்கு நடுவில் பொருளை வைத்து அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்னால் முனைகளைத் துடைத்து, சேர்த்து மூடி, பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும். அவர் பார்த்து "சரி" என்றால்தான் வேலையைத் தொடலாம். பல் விளக்காமல் வந்தாலும் வருவோம், இதைச் செய்யாமல் இருக்க மாட்டோம் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம். பரீட்சைக்காக உருப்போட்டதில் பாதி மறந்துவிட்டது. கையில் ஏறியது இன்றுவரை இறங்கவில்லை. அந்தக் கொப்புளங்களுக்காக நான் யாரையெல்லாம் மனசுக்குள் திட்டினேனோ அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

படிப்பு முடிந்ததும் மதுரையை ஒட்டிய கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஒரு வருடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அவனியாபுரத்தில் நாலு பெண்களோடு ஒரே அறையில் தங்கி, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறிப் போவேன். முதலாளி இரும்பு வியாபாரத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர், சாமி பக்தி அதிகம். சீனியர் டர்னர், டவுனிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் அவர் பாய்தான், எனக்கும் அப்படித்தான். அந்தக் கம்பெனியில் லேத் முன்னால் நின்ற முதல் பெண் நான்.

வருடம் முடிகிற சமயத்தில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வீர்களா என்று முதலாளியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். விஜயதசமி கழியட்டும், சொல்கிறேன் என்றார். ஊரில் அத்தை சும்மா இருப்பாளா? அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க ஆட்களை வரச் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. வேலை உறுதியானால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காப்பித் தட்டோடு நிற்க வேண்டியதுதான்.

ஆயுத பூஜையன்று கம்பெனியே சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. முதலாளி தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். லேத்துக்கு, ஸ்பேனருக்கு, விளக்குமாற்றுக்குக்கூட வைத்தார். மைக்ரோமீட்டரை அகலத் திறந்து, வட்டமாக மினுமினுக்கும் அதன் இரண்டு முனைகளிலும் பக்குவமாகப் பொட்டு வைத்திருந்தார். பொட்டுக்கென்றே செய்த இடம் மாதிரிதான் அதுவும் இருக்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் விஜயதசமியில் ஒரு துண்டுக் கம்பியைப் பெயருக்குக் கடைந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள், அதை யாரும் அளக்க மாட்டார்கள். அதற்கடுத்த நாள் கருவிகளைத் துடைத்துவிட்டுத்தான் உண்மையான வேலை. அதனால் அந்தப் பொட்டு எந்த வருடமும் யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

அந்த வருடம் விஜயதசமி காலையில் எங்கள் ஊர்ப் பக்கத்து எண்ணெய் மில்காரர் ஒருவர் மில்லில் உடைந்துபோன இரும்புப் 'பின்' ஒன்றோடு பைக்கில் வந்து இறங்கினார். தீபாவளிக்குக் கடலை ஆட்டுகிற நேரத்தில் மில் நின்றுபோயிருந்தது. மனிதர் அழாத குறை. அந்தப் பின்னை முன்பு கடைந்து கொடுத்தது பாய்தான், அளவு அவருக்கு மனப்பாடம். அது உட்காருகிற வளையமான புஷ்ஷுக்குள் கையால் தள்ளினால் போக வேண்டும், போனபின் ஆடக் கூடாது. பாய் சட்டைக் கையை மடித்துவிட்டார். முதலாளி அவரைத் தடுத்தார்.

"நல்ல நாள்ல முத வேலை வந்திருக்கு. பாப்பாவே கடையட்டும், பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' யாருக்கு என்று எனக்குத் தெரியும். கம்பியை மாட்டிக் கடைந்து, அளவுக்குக் கொஞ்சம் முன்னால் லேத்தை நிறுத்திவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தேன். பழக்க தோஷத்தில் மூடிப் பார்த்தேன். பூச்சியத்துக்கு வரவில்லை. காய்ந்த சந்தனம் நடுவில் நின்றது. இதை வைத்து அளந்தால் இருக்கிற தடிமனைவிடக் கூடுதலாகக் காட்டும், நான் அதை நம்பி மேலும் சீவிவிடுவேன், அந்தப் பின் இளைத்துப்போகும். சீவின இரும்பை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. துடைக்கலாம் என்றால், சாமிக்கு வைத்த பொட்டை நல்ல நாளும் அதுவுமாக, அவர் கண் முன்னாலேயே எப்படித் துடைப்பது? என் வேலையே அவர் வாயில் இருக்கிறது. பாய் என்னைப் பார்த்தார். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐ.டி.ஐ.யில் பக்கத்தில் நின்றவளிடம் இதை நீட்டியிருந்தால் சரி என்று சொல்லியிருக்க மாட்டாள். அது ஒன்றுதான் அப்போது என் மனசில் ஓடியது. இரண்டு முனைகளிலும் இருந்த பொட்டை விரலால் வழித்தேன். கீழே உதற மனசு வரவில்லை, அப்படியே என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். மிச்சத்தைச் சுத்தமான துணியால் துடைத்தேன்.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "சாமி பொட்ட அழிக்கிறியேம்மா?" என்றார்.

"அழிக்கல சார். எடுத்து வச்சுக்கிட்டேன்" என்றேன்.

அவர் விருட்டென்று அறைக்குள் போய்விட்டார். நான் மைக்ரோமீட்டரை மூடி, பூச்சியம் பார்த்து, பாயிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். பின்னை முடித்துக் கொடுத்தேன். மில்காரர் அதைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு பைக்கை முறுக்கினார்.

அதன்பின் மத்தியானம்வரை எனக்கு எதுவும் ஓடவில்லை. பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்கும் அளவுக்கு மனசு விட்டுப்போயிற்று. பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானே சொல்லலாம்னுதான் பாத்தேம்மா. நான் சொன்னா அது வேற பேச்சாப் போயிரும். நீ எடுத்து நெத்தில வச்ச பாரு, அதுக்கு மேல யாரு என்ன சொல்ல முடியும்" என்றார். சொல்லிவிட்டு என் பொரியில் ஒரு கை அள்ளிக்கொண்டு போனார். எனக்கு அப்போதுதான் பசித்தது.

மூன்று மணி வாக்கில் முதலாளியின் போன் அடித்தது. மில்காரர்தான். அந்தப் பின், கையால் தள்ளியதும் போய் உட்கார்ந்துவிட்டதாம், துளி ஆட்டமில்லையாம், மில் ஓடுகிறதாம். பின்னால் கேட்ட மில் சத்தத்தில் அவர் கத்திப் பேசியது எங்களுக்கே கேட்டது. முதலாளி போனை வைத்துவிட்டு என் லேத் பக்கம் வந்தார். என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மைக்ரோமீட்டரைக் காட்டினார்.

"அடுத்த வருசம் இதுக்குப் பெட்டி மேல பொட்டு வச்சாப் போதும். எனக்கு மறந்துரும், நீதான் ஞாபகப்படுத்தணும்" என்றார்.

அடுத்த வருடமும் நான் அங்கே இருப்பேன் என்பதை அவர் சொன்ன விதம் அதுதான். இருந்தேன், இன்னமும் இருக்கிறேன். இப்போது கம்ப்யூட்டர் லேத்துகள் வந்துவிட்டன, ஒரு ஷிப்டு முழுக்க என் பொறுப்பு. எத்தனை பெரிய மெஷின் வந்தாலும் காலையில் முதல் வேலை துடைத்து, மூடி, பூச்சியம் பார்ப்பதுதான். அதைப் பழக்கிவிட்டவர்களை நான் நினைக்காத நாளில்லை. துடைக்கிற துணிச்சல் எனக்கு எங்கிருந்தோ வரவில்லை, அந்தப் பழக்கம்தான் என் கையைப் பிடித்து இழுத்துப் போனது.

அன்று சாயங்காலம் கப்பலூர் பஸ் ஸ்டாப்பில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். வேலை உறுதியாகிவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். பெண் பார்க்க வருவதைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வர வேணாம்னு அவுககிட்டச் சொல்லிர்றேன் தாயி" என்றார் அப்பா.