இரண்டாம் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு பால்கனியில் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு அண்டாவை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பீர் காய்ச்சினோம்.

ஆமாம், பீர்தான். அறிவுரைக் கடிதம் எழுத நினைக்கும் வாசகர்கள் தாராளமாக எழுதலாம். அவற்றையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது என் வீட்டுக்காரர். நான் காய்ச்சுவதைக் குடிப்பதும் அவர்தான்.

இன்னொரு பெண் கவிதா. கொல்கத்தாவில், டாக்குரியா பகுதியில் எங்கள் எதிர் ஃப்ளாட். கோயம்புத்தூர்க்காரி, சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை. என் வீட்டுக்காரருக்குத் துறைமுக வேலையில் மாற்றலாகி இங்கே வந்த புதிதில், தமிழ் பேச ஆளில்லாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கிடைத்தவள். இந்தக் காய்ச்சும் பைத்தியம் முதலில் அவளுக்கு, அவளிடமிருந்து எனக்கு. ஞாயிறு வந்தால் அண்டாவும் அரட்டையும்தான்.

காய்ச்சுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை — மால்ட் என்பது அதுதான் — உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை அண்டாவின் அடியிலுள்ள குழாயைத் திறந்து வடிக்க வேண்டும். சக்கையில் இன்னும் இனிப்பு ஒட்டியிருக்கும் இல்லையா? மேலே மறுபடி தண்ணீர் ஊற்றி அலசி எடுக்க வேண்டும். தேங்காயில் இரண்டாம் பால் எடுக்கிற மாதிரி. இந்தச் சர்க்கரை நொதித்துத்தான் பீர் ஆகும்; அதனால் மால்ட்டில் இருக்கும் சர்க்கரையில் எவ்வளவை வெளியே கொண்டுவருகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம்.

சண்டை வந்தது அந்த இரண்டாம் தண்ணீரில்.

கொஞ்ச நாளாகவே எங்கள் பீர் சப்பென்று இருந்தது. சர்க்கரை சரியாக இறங்கவில்லை. இரண்டாம் தண்ணீர் எழுபத்தாறு டிகிரி இருக்க வேண்டும் என்பது நான் படித்த பாடம். அதற்கு மேல் போனால் உமியின் துவர்ப்பு இறங்கும், ஆறிப்போனால் இனிப்பு கரையாது. கவிதாவோ குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவாள்.

"பச்சத் தண்ணியே போதுமுங்க்கா. மாவு சர்க்கரையானது ஆனதுதான். இனி அலசறதுக்குச் சூடு எதுக்குங்க?"

"தேங்காய்க்கு ரெண்டாம் பால் எடுக்கக்கூட வெந்நீர்தானே விடுவோம்?"

"எங்க வீட்ல பச்சத் தண்ணிதானுங்க விடுவோம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ரகமா? "வெந்நீர் வைக்கச் சோம்பேறித்தனம், அதுக்கு ஒரு நியாயம் வேற" என்றேன்.

தினமும் ஆபீசுக்கு பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடிபட்டுப் போய்வந்து, ராத்திரி சமையலும் செய்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது? அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள். "வர்றேனுங்க்கா" என்று போனாள். அப்புறம் வரவேயில்லை.

எதிரெதிர்க் கதவுகள். அவள் பூட்டும் சத்தம் கேட்டால் நான் உள்ளேயே நின்றுவிடுவேன். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் இருவரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு இறங்குவோம். கீழ்வீட்டு வங்காளி அண்ணி — இங்கே பௌதி என்போம் — வேறு, "என்ன தீதி, இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை அந்தப் பாயச வாசனையே வர்றதில்லையே?" என்று கேட்டுவைத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் வீட்டுக்காரர்தான் பொறுக்க முடியாமல் எதிர்வீட்டு பெல்லை அடித்து, கவிதாவைக் கூப்பிட்டு எங்கள் இருவரையும் நிற்கவைத்தார். அவர் கவலை அவருக்கு. "மூட்டையில மிச்ச மால்ட் இருக்கு. ஆளுக்குப் பாதி. நீ வெந்நீர், அவங்க பச்சத் தண்ணி. எதுல சர்க்கரை நிறைய வருதுன்னு பார்த்துட்டு, ரெண்டு பேரும் பேசித் தொலைங்க."

அப்படித்தான் போன ஞாயிறு வந்தது. ஒரே மால்ட், ஒரே அளவு, ஒரே மாதிரி அண்டா.

நான் தெர்மாமீட்டரும் கையுமாக நின்றேன். எழுபத்தாறு வந்ததும் ஒரே பதற்றம் — ஆறிவிடுமே! சொம்பு சொம்பாக மொண்டு மடமடவென்று கவிழ்த்தேன். கவிதா பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக, சுற்றிச் சுற்றி ஊற்றினாள். பச்சைத் தண்ணீர் ஆறப்போகிறதா என்ன? அவளுக்கு அவசரமே இல்லை.

வடித்த தண்ணீர் இரண்டையும் ஆறவைத்து, சர்க்கரை பார்க்கும் மிதவைக் குழலை விட்டோம். சர்க்கரை கூடினால் குழல் உயர்ந்து நிற்கும். அவளுடையதில் உயரமாக நின்றது.

நம்பவில்லை நான். என் அண்டாவை எட்டிப் பார்த்தேன். சக்கையின் நடுவே கிணறு மாதிரி ஒரு குழி. நான் கொட்டிய தண்ணீர் அத்தனையும் அந்த வழியே விழுந்து ஓடியிருக்கிறது. ஓரத்துச் சக்கையை எடுத்து மென்றேன். நல்ல இனிப்பு. அவள் சக்கையை மென்றேன். வெறும் உமி.

டிகிரியை வைத்துக்கொண்டு சண்டை போடுவது சுலபம் இல்லையா? எண் கையில் இருக்கிறது. நம் அவசரத்தை அளக்கத்தான் கருவி இல்லை.

"உன்னைச் சோம்பேறின்னு சொன்னது தப்பு, கவிதா. நீ இல்லாம எனக்கு இந்த ஊரே பிடிக்கல" என்றேன்.

அவள் என் அண்டாவைப் பார்த்தாள். "சக்கையக் கொட்டீராதீங்க்கா. இன்னும் இனிப்பு இருக்குதில்லீங்க? இன்னொருக்கா தண்ணி விடலாம்."

"சூடாவா, பச்சையாவா?"

"எதுனாலும் விடுங்க. ஆனா நின்னுட்டு ஊத்தாதீங்க." இன்னொரு மோடாவை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். இத்தனை நாள் பேசாமல் விட்ட பேச்சுக்கு அந்த ஒரு அண்டா தண்ணீர் போதவில்லை.