ஓரகத்தியின் கஷாயம்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் 'பவர்' என்றுதான் கூப்பிடுவோம். கண்ணைச் சோதித்து பவர் எழுதித் தருவது அவள் வேலை. பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. ஒன்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். அவள் வீட்டுக் கதையில் பாதியை அவளே சொன்னாள், மீதியை நான் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணமாகி ஆறு வருடம். மாதவிலக்கு அவளுக்கு நினைத்தால் வரும், நினைத்தால் இரண்டு மாதம் தலைகாட்டாது. சினைப்பையில் நீர்க்கட்டி, கருமுட்டை நேரத்துக்கு முதிர்வதில்லை என்றார் டாக்டரம்மா. விலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை. பிறகு முட்டை எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்க ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன்; பதினெட்டு மில்லிமீட்டராவது ஆக வேண்டும். அவள் கணவர் பஸ் டிரைவர். ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடவே போவார். திரும்பி வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன். "பதிமூணு மில்லிமீட்டர்லயே நின்னுபோச்சுடி" என்பாள். அன்றைக்கு முழுக்க அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டோம்.

அதே வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பியின் மனைவி. பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறவள். கல்யாணமாகி இரண்டே வருடம், அவளுக்கும் இதே தொல்லை. ஆனால் அவள் போனது ஆயுர்வேத வைத்தியரிடம். காலையும் மாலையும் கஷாயம், ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு, அரைமணி நேர நடை.

"வீடே சாயப்பட்டறை மாதிரி நாறுது. வேரைக் காய்ச்சிக் குடிச்சா முட்டை வந்துடுமா?" என்று கடையில் பவர் சிரிப்பாள்.

கஷாயம் தொடங்கிய ஐந்தாம் மாதம் ஓரகத்திக்கு நாள் தள்ளிப்போனது.

சேதி தெரிந்த அன்று பவர் கடையில் ஒருவரைப் பலகையைப் படிக்கச் சொன்னாள். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டுக் காத்திருந்தார். இவள் பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். வீட்டில் மாமியார் அவள் காதுபடவே, "மருந்துன்னா அதுதான் மருந்து" என்றாராம். ஓரகத்தியின் ஸ்கேன் படம் பிரிட்ஜ் கதவில் ஏறியது. பவர் அதன்மேல் பல் டாக்டர் சீட்டை ஒட்டினாள். மாமியார் எடுத்து ஓரமாக வைத்தார். மறுநாள் மறுபடி ஒட்டினாள்.

"அவ தும்மினாக்கூட அத்தை ஓடிவர்றாங்க. நான் வழுக்கி விழுந்தாக்கூட, தரையில தண்ணி ஊத்தினது யாருன்னுதான் கேப்பாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையில் இருந்த ரொட்டி மட்டும் துகள் துகளாக மேசையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பின்னறை நாறியது. தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலில் ஏதோ கருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"சும்மா, சுக்குத் தண்ணி."

பக்கத்தில் கிடந்த பொட்டலத்தைத் திருப்பினேன். ஓரகத்தியின் பெயர் எழுதியிருந்தது. கரு நின்றதும் வைத்தியர் கஷாயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டதால் மிஞ்சிய பொட்டலங்கள் கீழ்த்தளத்துச் சமையலறை அலமாரியில் கிடந்தனவாம். அதிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"ஒரு ஸ்பூன்னு போட்டிருக்கே, நீ மூணு போடுற?"

"அவளுக்கு ரெண்டு வருஷம், ஒரு ஸ்பூன். எனக்கு ஆறு வருஷம், மூணு ஸ்பூன். கணக்கு சரியா இருக்கா?"

"மாத்திரையும் சாப்பிடுறியே. டாக்டர்கிட்ட சொன்னியா?"

"வேற ஏதாவது சாப்பிடுறியான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். நீயும் வாயைத் திறக்காதே."

நானும் திறக்கவில்லை. அது என் தப்பு.

அடுத்த மாதம் நடுவிலேயே உதிரம் போக ஆரம்பித்தது. பதினொரு நாளாகியும் நிற்கவில்லை. ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவள் கணவர் யூனிபார்மோடு ஓடிவந்தார்.

டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. "இந்த மாத்திரைக்கு இப்படி ஆகக்கூடாதே" என்று மேலும் நாலு டெஸ்ட் எழுதினார். அதற்குள் ஓரகத்தி வந்துவிட்டாள். நாலு மாத வயிறு, மூச்சு வாங்கியது.

"அக்கா, என் கஷாயப் பொட்டலம் அஞ்சாறு குறையுது. நீங்க குடிச்சீங்களா?"

"உன் வேரை நான் ஏன் குடிக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "குடிச்சா டாக்டர். மூணு ஸ்பூன்" என்றேன். அதற்கப்புறம் மூன்று வாரம் பவர் என்னோடு பேசவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நான் கஷாயத்தைக் குறை சொல்லலம்மா. ரெண்டும் எனக்குத் தெரியாம உள்ள போனா, எது என்ன பண்ணுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

ஓரகத்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அது எனக்குன்னு பார்த்துக் குடுத்ததுக்கா. நானும் தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன். வைத்தியர்தான் முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொன்னாரு. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவரே டாக்டர்கிட்ட அனுப்பினாரு. கரு எதனால நின்னுச்சுன்னு எனக்கே தெரியாது."

"அத்தை ஊரெல்லாம் கஷாயம் கஷாயம்னு சொல்லிட்டுத் திரியும்போது வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்த?"

"பெருமையா சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன். உங்களுக்கு மாமா ஒவ்வொரு தடவையும் கூட வர்றாரு. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் வந்ததில்ல. எனக்கு வேற என்ன இருந்துச்சு?"

பவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறியதும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அந்த வைத்தியரைப் பார்க்கப் போனாள். மூன்று வாரக் கோபம் தீர்ந்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அவர் பைலை முழுக்கப் படித்தார். "டாக்டர் மறுபடி மாத்திரை ஆரம்பிப்பாங்க இல்லையா? அதோட சேர்த்து நான் மருந்து தரமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, தினமும் நட" என்றார். வெளியே வந்ததும், "அவளுக்கு மட்டும் மருந்து, எனக்கு வெறும் அட்வைஸா?" என்று பொருமினாள். ஆனாலும் நடந்தாள். கடை முடிந்து வீடு வரை நடை. எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. விலக்கு முப்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஒழுங்குக்கு வந்தது.

அதற்கிடையில் ஓரகத்திக்குப் பையன் பிறந்தான். பவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூக்கு சப்பை" என்றாள். பிறகு கடைக் குளியலறையில் இருபது நிமிடம் கதவைத் திறக்கவே இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி மாத்திரை தொடங்கினார்கள். முதல் மூன்று தடவை முட்டை முதிர்ந்தும் கரு நிற்கவில்லை. நாலாவது தடவை நின்றது. மாமியார் அது கஷாயத்தின் மிச்சம் என்கிறார். கணவர் மாத்திரை என்கிறார். தன் கால் நடந்த நடை என்கிறாள் பவர்.

பெண் குழந்தை. பிரசவ வார்டிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். குரல் களைத்திருந்தது.

"நல்லா இருக்கியாடி?" என்று கேட்டேன்.

"நான் கிடக்கட்டும். பாப்பா மூணு கிலோ நூறு கிராம்" என்றாள். "அவ பையன் ரெண்டே முக்கால்தான்."