பகலில் ஊட்ட ஒரு கை

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. தாம்பரத்தில் ஒரு பெண் டாக்டர் நடத்திய சின்ன மருத்துவமனையில் குழந்தைகளுக்கு எடை போடுவது என் வேலை. சனிக்கிழமைதோறும் தொங்கு தராசைப் பையில் போட்டுக்கொண்டு, பல்லாவரத்தில் பஸ் மாறி அனகாபுத்தூர் போவேன். நெசவாளர் தெருவில் யார் வீட்டு உத்தரத்திலாவது தராசை மாட்டி, துணித் தூளியில் பிள்ளைகளை உட்காரவைத்து, முள் காட்டுவதை நோட்டில் எழுதுவேன். பிறகு பிரசங்கம்: பால் கொடுங்கள், முட்டை கொடுங்கள், கீரை கொடுங்கள்.

அங்கே ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் மூன்று மாதமாக ஏழு கிலோவிலேயே நின்றான். இன்னும் நடக்கவில்லை. அவன் அம்மா ஒருநாள் என் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"நர்ஸம்மா, எங்க வூட்ல சோறு கீது, பருப்பு கீது. நான் இன்னா புள்ளைய பட்டினியா போடுறேன்? ஒருநாள் காலைலேர்ந்து வந்து குந்திப் பாரு. அப்பால சொல்லு."

சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த வாரம் ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் பழைய சோற்றைப் பிசைந்து நாலு வாய் ஊட்டினாள். பிறகு புருஷன் தறிக்குழியில் இறங்க, அவள் ராட்டையில் நூல் சுற்ற உட்கார்ந்தாள். அவள் கை நின்றால் தறியும் நின்றுவிடும். ஏழு வயது அக்காதான் பையனை இடுப்பில் வைத்திருந்தாள். பத்து மணிக்குச் சிணுங்கினான், தண்ணீர் கொடுத்தாள். பெரியவர்கள் மத்தியானம் சாப்பிட எழுந்தபோது அழுது ஓய்ந்து தூங்கிப் போயிருந்தான். மூன்று மணிக்கு விழித்தான். பானையில் சோறு இருந்தது, ஊட்டத்தான் யாருமில்லை. வெளிச்சம் போன பிறகு அம்மா எழுந்து வந்து சுடுசோறு ஊட்டினாள். ஐந்து வாய். ஆறாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாள் முழுக்க ஒன்பதே வாய்! அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"அக்கா, சோறு இல்லாம இல்ல, ஊட்ட ஆள் இல்ல! அவன் வயிறு சின்னது. ஒரு தடவைக்கு அஞ்சு வாய்தான் பிடிக்குது. ரெண்டு தடவை பத்தாது, அஞ்சு தடவை ஊட்டணும்!"

"எந்தக் கையால? நூல் சுத்துற கையாலயா?" என்றாள்.

பிறகு அவளே வாசலுக்குப் போய் எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யக்கா! கைப்புள்ள இருக்கிற வூடு ஆறு கீது. ஒரு நாளைக்கு ஒருத்தி அல்லாப் புள்ளைக்கும் ஊட்டட்டும். அவ நூல மத்தவங்க சுத்திக் குடுப்போம். இன்னா சொல்ற?"

திங்கள்கிழமையே தொடங்கிவிட்டார்கள். வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் இடித்து வெல்லம் சேர்த்த உருண்டை, குழைந்த பருப்புச் சோறு, நடுவே கேழ்வரகுக் கூழ். நான் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் பையனைத் தூளியில் வைத்தேன். முள் ஏழைத் தாண்டி ஏழரையில் போய் நின்றது.

"ஏறுதுடி! முள்ளு ஏறுது!" என்று அவன் அம்மா கத்திய கத்தலில் தறிகள் நின்று ஆண்களும் ஓடிவந்தார்கள். நான் நோட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மற்றப் பிள்ளைகளும் ஏறியிருந்தார்கள், கடைசி வீட்டுப் பெண் குழந்தையைத் தவிர. அதே சோறு, அதே கை, ஆனால் அவளுக்கு மட்டும் முள் நகரவில்லை. அவள் அம்மா தலை குனிந்தாள். இந்தத் தடவை நான் பிரசங்கம் செய்யவில்லை. "திங்கக்கிழமை காலைல வரட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

போனேன். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றால் போயிற்று. போகும்போதெல்லாம் சோற்றை நிறுத்தி, மூன்று நாள் வீட்டிலேயே வைத்து வெறும் வடிகஞ்சித் தண்ணீர்தான் கொடுத்தார்கள். தாம்பரத்துக்குக் கூட்டிப்போனேன், டாக்டர் மருந்து கொடுத்தார். சாப்பாட்டை மட்டும் நிறுத்தவே கூடாது என்றார். தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் சொன்னார். அம்மா பயந்து பயந்துதான் கூழ் ஊட்டினாள்.

அந்தக் குழந்தைக்கு முள் நகர இரண்டு மாதம் ஆயிற்று. நகர்ந்த அன்று என்னால் தராசைக் கழற்றவே முடியவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு, எடை போடச் சொல்லி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.