நீலத்துண்டு கட்டிய பயிற்றங்காய்

டொமினிக்கரைக் கஞ்சன் என்று ஒழுங்கைச் சனம் முழுவதும் சொல்லும். சொல்லட்டும். சொன்ன வாய்களில் பாதி அவர் வீட்டுப் பயிற்றங்காயைத் தின்ற வாய்கள் என்பது அவருக்கே கடைசியில்தான் தெரிய வந்தது.

மனிதர் எதையும் வீணாக்க மாட்டார், அவ்வளவுதான். அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்கு, மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கு. சவர்க்காரம் தேய்ந்து நகமளவுக்கு வந்தால் புதிய கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். உட்துறைமுகத்துக்குப் பக்கத்து நிலம், உப்புப் பூத்த மண். அதில் ஒன்றும் வராது என்று மற்றவர்கள் கையை விரித்தபோது, பழைய டயரிலும் உரப்பையிலும் பெயின்ற் வாளியிலும் வெளிமண் நிரப்பி வெண்டியும் மிளகாயும் பசளியும் வைத்தவர்கள் அவரும் மனைவி இன்பமலரும்தான். சாமான் தட்டுப்பாடாகிச் சனம் தெருத்தெருவாக வரிசையில் காய்ந்த அந்த வருடத்திலும் அவர்கள் குசினியில் கறிக்குக் குறைவிருக்கவில்லை.

வேலையும் அவருக்கென்றே வாய்த்தது. முப்பத்திரண்டு வருடம் துறைமுக வாசலில் வாச்சர். வேலை முடிந்து வெளியே போகிறவனை நிறுத்தி, பையைத் திறந்து பார்க்கிற வேலை. ஓர் ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை, தானும் ஓர் ஆணி எடுத்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? தன் வேலியில் வைத்தார்.

வேலியில் வைக்க ஒரு காரணமும் இருந்தது. இன்பமலர் கல்யாணம் முடித்து ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தபோது, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த பயிற்றை விதை அது. காய் வெளிர்பச்சை, முழ நீளம், நுனி மட்டும் மருதோன்றி வைத்த விரல் மாதிரிச் சிவப்பு. சந்தையில் தலைகீழாக நின்றாலும் அந்தக் காய் கிடைக்காது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது அவள் மடியில் முகாமுக்குப் போனவை இரண்டே பொருள்கள்: மகள் ஜெனிதாவின் ஞானஸ்நானத் துண்டு, இந்த விதை முடிச்சு. திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைக் கண்டதும் முதலில் கொடிக்குத்தான் தடி நட்டாள்.

விதை எடுப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. கொடியில் திறமான காயாகப் பார்த்து, பழைய நீலச்சேலையில் ஒரு துண்டு கிழித்துக் காம்பில் கட்டிவிடுவாள். கட்டினால் அது விதைக்கு விட்ட காய். வீட்டில் கறியே இல்லாவிட்டாலும் அதில் கை வைக்கக் கூடாது. டொமினிக்கர் அவற்றை எண்ணி வைத்துக்கொள்வார். ஆறு கட்டினால் நாலுதான் முற்றும். மற்ற இரண்டும் எங்கே போயின என்று வாச்சர் விசாரணை தொடங்கும்.

"இன்பம், நேற்றுப் பின்னேரம் ஆறு இருந்தது. கண்ணை எங்க வைச்சிருந்தனீ?"

"நான் காணேல்லை. அடுப்பில மீன் கருகுதெண்டு உள்ளுக்கு ஓடினனான்."

"உனக்கு நெடுக மீன் கருகுதோ?"

"உங்கட அடுப்பு அப்பிடி," என்று சொல்லிவிட்டு அவள் வெண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவாள்.

அவர் எலுமிச்சை முள்ளுக் கொப்புகளை வெட்டிவந்து வேலி நீளத்துக்கும் செருகினார். ஒரு கை நுழையுமளவுக்கு அதில் ஓர் இடைவெளி மறுநாளே விழுந்திருக்கும். காற்றுத் தள்ளியிருக்கும் என்பாள். திரும்பச் செருகுவார், திரும்பக் காற்றடிக்கும். இப்படியே வருடங்கள் போயின. சண்டை என்று சொன்னால் சண்டை, விளையாட்டு என்று சொன்னால் விளையாட்டு.

பங்குனியில் ஒருநாள் காலை இன்பமலர் நெஞ்சு நோகுது என்றாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மரணவீட்டுக்குச் சனம் வந்துபோக, கேற் நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. அந்த ஊரில் மாடு மாதிரித் தெருவில் திரிகிற மான்கள் விடுமா? அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பி வந்தபோது பயிற்றங்கொடி அடியோடு மேய்ந்து கிடந்தது, நீலத்துண்டு கட்டிய காய்களும் சேர்த்து. அன்று அது அவர் கண்ணில் படவேயில்லை.

ஆவணியில் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பால்மாப் பேணி அகப்பட்டது. உள்ளே காய்ந்த வேப்பிலையும் அரைப் பேணி பயறும். இன்பமலர் எந்தப் பயறு பருப்புக்கும் பூச்சி பிடிக்காமல் வேப்பிலை போடுகிறவள். இதுவும் கடையில் வாங்கிய கௌப்பிப் பயறுதான் என்று நினைத்தார். ஊறவைத்து அவித்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சேர்த்து மூன்று நாள் காலைச் சாப்பாட்டை முடித்தார். போயும் எனக்குச் சாப்பாடு வைச்சிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று சிலுவை போட்டுக்கொண்டார். பேணியைக் கழுவவில்லை, எறியவுமில்லை. எதற்காவது உதவும் என்று அப்படியே மூடி வைத்தார்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் தடி நட்டுக் கயிறு கட்டினார். வவுனியாவிலிருந்து மகள் ஜெனிதா தொலைபேசியில் கெஞ்சினாள்.

"இந்தமுறை விடுங்கோவன் அப்பா. தனிய நிண்டு மாரடிக்கிறியள்."

"அம்மான்ர கொடி இந்த மழைக்கும் ஏறோணும், பிள்ளை. அது ஏறாட்டி இந்த வீட்டில எனக்கு என்ன வேலை?"

சொல்லிவிட்டு விதையைத் தேடினார். நெருப்புப் பெட்டிகள், போத்தல்கள், தையல் பெட்டி, வேதாகமத்தின் உறை. எங்கும் இல்லை. கடைசியில் அந்தப் பேணியை எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் கவிழ்த்தார். வேப்பிலைத் தூளோடு ஒரு நீலத்துண்டு விழுந்தது.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் அவள் காப்பாற்றிய விதை. முகாமில் பிழைத்தது, வெள்ளத்தில் பிழைத்தது, அவர் வாயில் பிழைக்கவில்லை. மூன்றே காலையில் தேங்காய்ப்பூப் போட்டுத் தின்று முடித்துவிட்டார். அதுவும் வீணாக்கக் கூடாதென்று. மரணவீட்டில் அழாத மனிதர் அன்று வெறும் பேணியை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

கடையில் பக்கற் விதை இருக்கிறதே என்றாள் மகள். அது வேறு விதை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். நட்ட தடிகள் மழையில் நனைந்துகொண்டு வெறுமனே நின்றன. பிடுங்கவும் மனம் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து, பின்வேலிக்கு அப்பால் இருக்கிற அம்ரா ஒரு கோப்பையை நீட்டினாள். அவள் கணவன் றிப்தி சந்தையில் மீன் விற்கிறவன். இன்பமலர் போன நாளிலிருந்து இரண்டு நாளைக்கொருமுறை அந்த வீட்டிலிருந்து ஏதாவது கறி வரும். டொமினிக்கரும் கோப்பையை வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. நாலு மிளகாயோ ஒரு பிடி முருங்கையிலையோ வைத்துத்தான் கொடுப்பார். என்றாலும் களவுபோன காய்களுக்கு அவர் மனதில் எழுதி வைத்திருந்த முதல் பெயர் அம்ராதான்.

"பயிற்றங்காய்ப் பால்கறி அண்ணன். சூட்டோட சாப்பிடுங்க."

மூடியைத் திறந்தார். வெட்டிய துண்டுகளில் ஒன்றிரண்டின் நுனி சிவந்திருந்தது. ஒரு துண்டை வாயில் வைத்தார். சாப்பிட்டு முடிக்க அவருக்குப் பொறுமையில்லை. கறியைச் சட்டியில் கவிழ்த்து, கோப்பையில் பச்சைமிளகாயைப் போட்டு எடுத்துக்கொண்டு வேலிக்கு நடந்தார்.

"பிள்ளை, இந்தக் காய் உனக்கு எங்கால?"

அம்ரா நிலத்தைப் பார்த்தாள். "இன்பமலர் அக்காட வேலியில எடுத்ததுதான் அண்ணன். மூணு வருசமாக் கிணத்தடியில வைச்சிரிக்கன்."

"கேட்டு எடுத்தனியோ?"

"விதையக் கேட்டு வாங்கினா முளைக்காதே. ஆரும் பாக்காத நேரம் களவா எடுத்து நட்டாத்தானே காய்க்கும். உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். தன் வீட்டு வேலியோடு அதைச் சேர்த்துப் பார்க்க முப்பத்திரண்டு வருட வாச்சர் புத்திக்கு எட்டவில்லை.

"இன்பம் கண்டவளோ?"

"காணாமலா? அவதானே துண்டு கட்டின காய வேலிக்கு இஞ்சால தள்ளி விடுற. முள்ளையும் அவதான் விலத்துவா. நாங்க கிட்ட வந்தா, மீன் கருகுதெண்டு சத்தமாச் சொல்லிட்டு உள்ள போவா. அடுப்புல மீனே இரிக்காது அண்ணன். இந்த ஒழுங்கையில ஏழெட்டு வீட்டுல அக்காட கொடிதான் நிக்கிது."

டொமினிக்கர் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு காய் தா பிள்ளை. விதைக்கு."

"தர மாட்டன்," என்றாள் அம்ரா.

அவர் முகம் சுருங்கியது. அவள் ஓர் ஆள் நுழையுமளவு வேலி இடைவெளியை மறைத்துச் சாய்த்து வைத்திருந்த தகரத்தைத் தூக்கி அப்பால் வைத்தாள். கிணற்றடிக் கொடி தெரிந்தது. அதில் இரண்டு காய்கள், காம்பில் பூப்போட்ட துணித்துண்டு கட்டி, முற்றி மஞ்சளித்துத் தொங்கின. அம்ரா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"அடுப்புல மீன் கருகுது," என்று தன் வீட்டுச் சுவருக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஓர் ஆணி எடுக்காத மனிதர் அந்த இடைவெளிக்குள் நுழைந்தார். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நாலடி நடந்தார். ஒரு காயைப் பறித்துச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு, பிடிபடப் போகிறவர் மாதிரி விறுவிறென்று தன் வளவுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் எத்தனை பேரை இந்த நடையை வைத்தே பிடித்திருப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இன்பம் போன பிறகு முதல் சிரிப்பு.

பதினொரு விதை. பதினொன்றும் முளைத்தன. தை மாதத்தில் கொடி வேலிக்கு மேலால் ஏறிக் காய்த்தது. எலுமிச்சை முள்ளு முழுவதையும் அவர் கழற்றி அடுப்புக்கு விறகாக்கினார். நீலச்சேலையில் துண்டு கிழித்துக் காய்களில் கட்டினார். எத்தனை கட்டினார் என்று எண்ணவில்லை.

ஒழுங்கை முடிவில் கிளிவெட்டியிலிருந்து ஒரு குடும்பம் புதிதாக வாடகைக்கு வந்திருந்தது. அந்த வீட்டுப் பெண் நிரோஜினி ஒருநாள் பின்னேரம் வேலியருகே வந்து நின்றாள். போனில் கதைப்பது போல் பாவனை செய்தாள். கண் மட்டும் நீலத்துண்டில் இருந்தது.

டொமினிக்கர் வாளியைக் கீழே வைத்தார்.

"அடுப்பில மீன் கருகுது," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனார்.

அடுப்பில் பூனைதான் படுத்திருந்தது. யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். எவ்வளவு நேரம் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்பமலருக்குத் தெரிந்திருக்கும். அவளும் இதே இடத்தில்தான் நின்றிருப்பாள். 'அருள் நிறைந்த மரியே' செபம் ஒன்று சொல்லி முடித்தார். ஒரு காய் பறிக்க அது போதும். பிறகு, இரண்டாவதையும் எடுக்கட்டும் என்று இன்னொன்று சொன்னார், நிறுத்தி நிதானமாக.