இல்லாத வயலின்காரர்கள்

பயன்படுத்திய பேருந்துச் சீட்டுகளைக் கார்த்திகேசன் எறிவதில்லை. மேடை ஏறியதும் சட்டைப் பையிலிருந்து சிலவற்றை எடுத்து, எட்டாக மடித்து, தம் கீபோர்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் ஒரு காலுக்கு அடியில் செருகுகிறார். நம் ஊர்களில் மேடை எனப்படுவது பெரும்பாலும் பெஞ்சுகளைச் சேர்த்து ஜமக்காளம் விரித்த ஒன்று. எந்தப் பக்கமாவது சரிந்தே இருக்கும். "சீவலப்பேரிக்கு மூணு சீட்டு போதும், ஆழ்வார்குறிச்சிக்கு அஞ்சு வேணும்" என்று ஊர்வாரியாக அளவு மனப்பாடம். பிறகு சுட்டுவிரலால் ஒரு கட்டையை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டு, எதுவும் ஆடவில்லை என்று உறுதியானபின் செருப்பைக் கழற்றுகிறார். பாடகர்கள் அப்போதுதான் முகத்துக்குப் பவுடர் பூசத் தொடங்கியிருப்பார்கள்.

விசைப்பலகை என்று எழுதவே எனக்கு விருப்பம். ஆனால் வாசகர்கள் தட்டச்சுப் பொறியை நினைத்துவிடுவார்கள் என்பதால், அவர் வாயில் வழங்கும் பெயரையே எழுதுகிறேன்.

கார்த்திகேசனுக்கு வயது முப்பது. மெலிந்த உடல், ஒட்ட வெட்டிய நகங்கள். பகலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். மாலையில் தாணுமாலையனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. அந்தக் கருவி துபாயிலிருந்து வந்தது. மேலப்பாளையத்து ஜவுளி வணிகர் அசன் மைதீன் தம் மகனுக்காகத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். மகன் ஒரு வாரத்தில் அதிலிருந்த நூறு ஒலிகளுள் ஒன்றை மட்டும் கற்றுத் தேர்ந்தான்: நாய் குரைப்பது. தெருவே திரண்டு வந்து முறையிட்டபின் கருவி கார்த்திகேசனிடம் வந்து சேர்ந்தது. அவருடைய தாயார் பழைய படுக்கை விரிப்பில் தைத்துக் கொடுத்த உறைக்குள் அதை நிறுத்தி வைத்து, டவுன் பஸ்ஸில் பெண்டாட்டியைக் காப்பதுபோல் காத்துக்கொண்டு வருவார். பெண்டாட்டி அப்போது அவருக்கு இல்லை. அது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நெல்லைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே ஆறு மெல்லிசைக் குழுக்கள் இருக்கின்றன. கீபோர்டுக்காரர்களோ இரண்டரைப் பேர். கார்த்திகேசன் ஒருவர். பாளையங்கோட்டை ஜெபசீலன் இன்னொருவர். அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எவர் அழைத்தாலும் வரமாட்டார். மீதி அரை, சீவலப்பேரியில் இருக்கிற சிவகணேஷ். வலக்கையால் மட்டும் வாசிப்பார், இடக்கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருப்பார். ஏன் இந்தப் பஞ்சம் என்று ஒருமுறை கேட்டேன். கார்த்திகேசன் யோசிக்கவே இல்லை.

"கிட்டார்னா கழுத்துல மாட்டிக்கிட்டு முன்னால வரலாம், பொம்பளப் பிள்ளைங்க பாக்கும். டிரம்ஸ்னா தலைய ஆட்டலாம். இதத் தூக்கிக்கிட்டு எங்கன போக, அம்மா?"

காரணம் அதனினும் ஆழமானது என்பது என் கருத்து. தபேலா தபேலாவைப் போல ஒலிக்கிறது. அடிப்பவரை உலகம் திரும்பிப் பார்க்கிறது. கீபோர்டுக்கு என்று ஒரு குரல் இல்லை. அது புல்லாங்குழலாகும், வீணையாகும், பதினைந்து வயலின்களாகும். வாசிப்பவர் எவ்வளவு திறம்பட வாசிக்கிறாரோ, அவ்வளவுக்குப் பாராட்டு மேடையில் இல்லாத ஒருவருக்குப் போய்ச் சேர்கிறது.

நூறு ஒலிகளுக்கும் நூறு எண்கள். இருபத்திரண்டு வயலின் கூட்டம், நாற்பத்தேழு புல்லாங்குழல், தொண்ணூற்றெட்டு வீணை. இவ்வெண்கள் கார்த்திகேசனின் பேச்சிலும் புகுந்துவிட்டன. அவருடைய சங்கத்துச் செயலாளர் இருமினால் "அறுபத்தி மூணு" என்று முணுமுணுப்பார், அது எக்காளம். என் குரல் எந்த எண் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார்.

ஒரு கோயில் கொடை விழாவில் அம்மன் பாட்டுக்கு வீணை வரவேண்டிய இடத்தில், தொண்ணூற்றெட்டுக்குப் பதிலாக எண்பத்தொன்பதை அழுத்திவிட்டார். மைக்குகளின் வழியே ஊரெங்கும் மூன்று முறை நாய் குரைத்தது. விழாக் குழுவினர் கம்புகளுடன் மேடைக்கு அடியில் புகுந்து தேடினார்கள். பாடிக்கொண்டிருந்த தாணுமாலையன் மட்டும், "நம்ம ஊரு நாய் சுதி விலகாமக் குரைக்குது" என்று மைக்கிலேயே புகழ்ந்தார். அந்தப் பாராட்டும் நாய்க்கே போயிற்று.

கச்சேரியின் நடுவே கலைஞர்களை அறிமுகம் செய்வது இக்குழுக்களில் ஒரு வழக்கம். தாணுமாலையன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவார்; அவர் எழுந்து, தம் கருவியில் இரண்டு வரிசை வாசித்துக் கைத்தட்டு வாங்கிக்கொண்டு அமர்வார். அந்த நேரம் முழுவதும் பின்னணியில் மெல்லிய இசை ஒன்று தவழ்ந்துகொண்டே இருக்கும். அதை வாசிப்பவர் கார்த்திகேசன். அவர் கைகளுக்கு ஓய்வில்லாத ஒரே நேரம் அதுதான். ஆகவே ஏழு ஆண்டுகளில் அவர் பெயர் ஒருமுறையும் சொல்லப்படவில்லை. சுவரொட்டியிலும் பாடகர், பாடகி, டிரம்ஸ், தபேலா, கிட்டார் ஆகியோருக்குப் பிறகு, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, "மற்றும் குழுவினர்" என்னும் இரண்டு சொற்களுக்குள்தான் அவர் குடியிருக்கிறார்.

இதைப் பற்றி அவர் வருந்தியதில்லை, பெண் பார்க்கும் படலம் தொடங்கும் வரையில்.

பெண்ணின் பெயர் சித்ரலேகா. என் அடுத்த வீட்டுக்காரி. தட்டச்சுப் பயிலகத்தில் பயிற்றுநர். அவளுடைய தந்தை ஞானசம்பந்தன் வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எதையும் நேரில் பாராமல் கையெழுத்திடாதவர். ஜாதகம் பொருந்திற்று. பையன் அருமையாக வாசிப்பார் என்று தரகர் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துவர, சித்ரலேகாவின் தாய்மாமன் அப்பாத்துரையை ஒரு கொடை விழாவுக்கு அனுப்பினார்கள். அவர் கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்துவிட்டு வந்து, காப்பியை ஆற்றியபடியே அறிக்கை தந்தார்.

"அத்தான், பையன் ஒண்ணும் வாசிக்கல. பெட்டிக்குப் பின்னால நின்னு இஸ்திரி போடுதாரு."

இஸ்திரி போடுவதில் குறையொன்றும் இல்லை. வாசிப்பார் என்று சொல்லிவிட்டு வாசிக்காமல் நிற்பதுதான் ஞானசம்பந்தனுக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒன்றில் பொய் சொன்னவர் வேலையைப் பற்றியும் சொல்லியிருக்கலாம் அல்லவா? தாமே நேரில் பார்த்தபின் முடிவு சொல்வதாகவும், அதுவரை பேச்சை நிறுத்தி வைப்பதாகவும் தரகருக்குத் தெரிவித்தார். வைகாசியில் வண்ணார்பேட்டை மண்டபம் ஒன்றில், இருவீட்டாருக்கும் பொதுவான நண்பர் இல்லத் திருமண வரவேற்பு. அங்கே தாணுமாலையன் குழுவின் கச்சேரி. செய்தி கார்த்திகேசனுக்கும் எட்டியது.

அன்று அவர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தாணுமாலையனிடம் ஓர் உதவி கேட்டார். "அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நம்ம பேரையும் சொல்லிரும்."

"பேரு சொல்லுதது ஒரு காரியமா வே? நீரு எந்திரிச்சுக் கும்பிட்டா பின்னால ஆரு வாசிப்பா?"

"நான் நின்னுக்கிட்டுத்தான வாசிக்கேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு உடனே வச்சிருதேன்."

மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் ஞானசம்பந்தன், அப்பாத்துரை, சித்ரலேகா ஆகியோர். அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. கார்த்திகேசன் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நின்றார். மார்புக்கு மேலேதான் தெரிந்தது. தலை குனிந்திருந்தது, தோள்கள் பைய இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்ந்தன. ஓரத்தில் மடித்த துண்டு ஒன்று வேறு. அப்பாத்துரையின் கண்களைக் குறை சொல்ல இயலாது.

இரண்டாம் பாட்டில் வயலின்கள் எழுந்தன. ஞானசம்பந்தன் தொடையில் தாளம் போட்டார். "பிடிலு சுகமா இருக்கு. பிடில்காரங்க எங்கன இருக்காவ?"

"திரைக்குப் பின்னால உக்காந்திருப்பாவ, அத்தான்" என்றார் அப்பாத்துரை.

"அப்பம் அங்கன நிக்கவரு?"

"அவருதான் நான் சொன்னவரு. அன்னைக்கு நின்ன மாதிரியே நிக்காரு."

சித்ரலேகா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாள்தோறும் இருபது பேருடைய விரல்களைக் கவனிப்பதே அவள் தொழில். "பிடிலு நிக்கும்போது அவரு தோளும் நிக்கிது, அப்பா" என்றாள்.

"தோளு நிக்கிறதெல்லாம் சாட்சி ஆவாது" என்றார் தலைமை எழுத்தர்.

அறிமுகம் தொடங்கிற்று. டிரம்ஸ், கைத்தட்டு. தபேலா, கைத்தட்டு. கிட்டார்க்காரர் மேடையின் விளிம்புவரை வந்து, குனிந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டு போனார். பின்னணியில் வயலின்களும் ஒரு குழலும் தவழ்ந்துகொண்டிருந்தன. தாணுமாலையன் குரலை உயர்த்தினார்: "அடுத்ததா, கீபோர்டு, நம்ம கார்த்திகேசன்."

கார்த்திகேசன் இரு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார்.

மண்டபத்தில் எல்லா ஓசையும் ஒரே நொடியில் அற்றுப்போயிற்று. வயலின்கள் இல்லை, குழல் இல்லை, அடியில் முழங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்குவது துல்லியமாகக் கேட்டது. ஜெனரேட்டர்க்காரர் வாசலை நோக்கி ஓடினார். சமையற்கட்டிலிருந்து ஒருவர் கரண்டியுடன் எட்டிப் பார்த்தார். "கரண்டு போயிட்டா?" என்று ஞானசம்பந்தன் மேலே நோக்க, அவரோடு முந்நூறு பேரும் மேலே நோக்கினார்கள். மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பெயர் சொல்லப்பட்ட அந்த ஒரு கணத்தில், மண்டபமே மின்விசிறிகளைப் பார்த்தது. கூப்பிய கைகளுடன் நின்ற கார்த்திகேசனின் புன்னகை மெல்லச் சுருங்கிற்று. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி மட்டுமே. அவள் தந்தையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து மேடையைக் காட்டினாள். ஞானசம்பந்தன் பார்வையைக் கீழே இறக்கவும், கார்த்திகேசன் கைகளைக் கீழே இறக்கவும் சரியாக இருந்தது. இடக்கை பட்டதும் அடிநாதம் வந்தது. வலக்கை பட்டதும் பதினைந்து வயலின்களும் திரும்பி வந்தன.

ஞானசம்பந்தன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பாட்டு விருப்பம் எழுதித் தரும் சீட்டில் அழகிய கையெழுத்தில் ஏதோ எழுதி, அப்பாத்துரையிடம் கொடுத்து அனுப்பினார். தாணுமாலையன் அதைப் பிரித்து, இருமுறை படித்து, மைக்கை அணைத்துவிட்டுக் கார்த்திகேசனிடம் காட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "கீபோர்டு வாசிப்பவர் இன்னொரு முறை கும்பிடவும்."

அடுத்த பாட்டின் நடுவே, கீபோர்டு மட்டும் ஒலிக்கும் இடத்தில், கார்த்திகேசன் மூன்றாம் வரிசையை நோக்கி இன்னொரு முறை கும்பிட்டார். மண்டபம் மீண்டும் ஊமையாயிற்று. கைகள் இறங்கின, இசை எழுந்தது. ஜெனரேட்டர்க்காரர் இரண்டாம் முறையாக ஓடினார்.

"சரி. தாம்பூலம் மாத்திக்கிடலாம்" என்றார் ஞானசம்பந்தன். பிறகு மைத்துனரைப் பார்த்து, "உம்ம வேட்டிய இவருகிட்ட ஒரு நாளு இஸ்திரிக்குக் குடும் வே" என்றார்.

சென்ற ஆவணியில் திருமணம் நடந்தது. மாலையில் வரவேற்பு, தாணுமாலையன் குழு வேறு எவருடைய வீட்டுக்கும் போகாமல் இங்கே வந்துவிட்டது. அன்று மேடையின் நடுவில், வண்ண விளக்குகளுக்குக் கீழே, சிவப்பு வெல்வெட்டு நாற்காலியில் கார்த்திகேசன் அமர்ந்திருந்தார். தலைக்கு மேலே தெர்மாகோலில் வெட்டி ஜிகினா தூவிய முழ உயர எழுத்துகளில் அவர் பெயர். "மற்றும் குழுவினர்" பக்கவாட்டில் ஒரு சிறு மேடையில் இருந்தார்கள்.

ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெபசீலன் தேவாலயத்தில் இருந்தார். ஆகவே சீவலப்பேரியிலிருந்து அந்த அரைக் கலைஞர் சிவகணேஷ் வரவழைக்கப்பட்டிருந்தார்.

முதற்பாட்டு தொடங்கிற்று. வலக்கை குழலை ஒழுங்காகத்தான் வாசித்தது. இடக்கை மூக்குக் கண்ணாடிக்குப் போயிற்று. பாட்டு அடித்தளம் இல்லாத வீடுபோல் நின்றது. தாணுமாலையனின் குரல் அதற்குள் வழுக்கி வழுக்கி நடந்தது. விருந்தினர்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். கார்த்திகேசன் அவர்களுக்கெல்லாம் வலக்கையை நீட்டினார், சிரித்தார். அவருடைய இடக்கை விரல்கள் மட்டும் வெல்வெட்டு நாற்காலியின் கைப்பிடியில், பாட்டில் விடுபட்ட ஒவ்வொரு சுரத்தையும் தேடி அழுத்திக்கொண்டிருந்தன. பெரியவர் ஒருவர் ஆசி கூறியபோது, "அரை வினாடி பிந்துது" என்று பதில் சொன்னார்.

சித்ரலேகா அந்த விரல்களைச் சிறிது நேரம் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களிடம் தலையசைத்துப் பொறுக்கச் சொன்னாள். பிறகு கணவரின் கழுத்திலிருந்த மாலையைப் பைய எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன் நாற்காலியைக் கீபோர்டு இருந்த பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.