மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்

ஆந்திர எல்லையில், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். சின்ன வயதில் காய்ச்சலில் என் மகளுக்குக் காது போனபோது, வீட்டில் அதே பேச்சு போதுமானதாக இருந்தது. வெளியில்தான் கஷ்டம். யார் என்ன சொன்னாலும், புரியாவிட்டாலும், "சரி சரி" என்று தலையாட்டிவிடுவாள்.

திருப்பதியில் அவள் படித்த கல்லூரியில், ஊனமுள்ள பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்ய ஒரு பயிற்சி வைத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் தனக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்கப் பழக்கும் பயிற்சி. பெற்றவர்கள் மேனேஜர் மாதிரி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டுமாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என்னையும் உட்கார வைத்தார்கள்.

"இன்னாபா, உன்னயா பொண்ணு பாக்க வந்துகீறாங்க? தல குனிஞ்சிக்கினு கீற!" என்றார் புத்தூரிலிருந்து வந்திருந்த இன்னொரு தகப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

மகளின் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, "உனக்கு இன்னா வேல தெரியும்மா?" என்றேன். பட்டென்று பதில் சொன்னாள்.

பயிற்சி தந்த மேடம் நிறுத்தினார். "எந்த ஆபீசர் அண்ணா இப்படிப் பேசுவாரு? அந்தப் பக்கம் திரும்பிக்கினு பேசுங்க. அவளா கேக்கற வரைக்கும் திரும்பாதீங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "எந்த ஊரும்மா?"

"சரி சார்."

"எவ்ளோ சம்பளம் வேணும்?"

"சரி சார்."

யாரோ சிரித்தார்கள். கழுத்து வியர்த்தது. திரும்பிவிடலாமா என்று தவித்தேன். "நைனா" என்று மெல்லக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. மேசையில் ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது.

"சார்! எனக்குக் காது கேக்காது. என் மூஞ்சியப் பாத்து பேசுங்க!"

திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பார்க்காவிட்டால் நான் எதையும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் திருப்பதியிலேயே ஒரு ஆபீசில் நேர்முகத் தேர்வு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். மகளின் முதுகுதான் தெரிந்தது. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி தெலுங்கில் ஏதோ கேட்டார். அவளுக்கு அவர் வாயைக் கம்ப்யூட்டர் மறைத்தது; நான் நின்ற பக்கம் பாதி முகம் தெரிந்ததால் எனக்கு உதடு புரிந்தது. 'நைட் டூட்டி ஓகேனா?'

அவள் தலையாட்டினாள்.

அதே பழைய 'சரி சரி'தான். உட்கார்ந்தேன், எழுந்தேன். "கூச்சோ அன்னா" என்றார் வாட்ச்மேன். உட்கார முடியவில்லை.

மகள் கையை உயர்த்தி மேசையில் தட்டினாள். அதிகாரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் என்ன சொன்னாளோ, அவர் நேராகப் பார்த்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

அடுத்த கேள்விக்கு அவர் முகம் பழையபடி கம்ப்யூட்டருக்குப் போனது. அவள் கை மறுபடியும் மேசைக்கு மேலே வந்தது.